கெரெயம்மாவுக்கு மாவு பூசியவர்

எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் எதிர் ஃப்ளாட் அம்மாவுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவரைப் பொறுமையானவர், சாந்தமானவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வேறு யாருக்கோ கூட்டம் நடத்துகிறார்களோ என்று, மேஜைமேல் மாலை போட்டிருந்த படத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். அவர்தான். படம் எடுத்தவன் ஒழுங்காக எடுக்கப்போவதில்லை என்ற சந்தேகம் அந்தப் படத்திலேயே அவர் முகத்தில் இருந்தது.

அவருக்குப் பொறுமை உண்டு, கல்லிடம் மட்டும். மனிதர்களிடம் கிடையாது. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஆனேக்கல் சுற்றுவட்டாரம் முழுக்கக் கல்வெட்டு தேடி அலைந்தவர். யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. தாத்தா காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்காக பெங்களூர் வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழில் திட்ட ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். கணவர் காலமாகிவிட்டார், மகள் வெளிநாட்டில். எதிர் ஃப்ளாட்டில் தனியாக இருந்தார்.

எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "ஆதாரம் இருக்கா?" நாங்கள் குடியிருக்கும் இடம் ஒரு காலத்தில் ராஜாவின் மாந்தோப்பாக இருந்தது என்று சங்கக் கூட்டத்தில் யாரோ பெருமையாகச் சொல்லப்போக, அந்த மனிதர் அதன்பிறகு கூட்டத்துக்கே வருவதில்லை. தண்ணீர் மோட்டார் கெட்டுவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னாலும் அதே கேள்வி. அவன் பாவம், மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினான்.

நான் இதில் மாட்டியது அவருடைய ஸ்கூட்டரால். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது கிளம்ப மறுத்தது. நான் பால்கனியில் காபியோடு நின்றிருந்தேன். கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்பா, உங்க கார் சும்மாதானே நிக்குது? அத்திபெலே தாண்டி ஒரு ஜாகாவுக்குப் போகணும். கல்லு ஒண்ணு இருக்காம்."

வாரம் முழுக்க எலெக்ட்ரானிக் சிட்டியில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு. ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது உள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"போயிட்டு வாங்க. வீட்ல இருந்தா மல்லாந்து படுத்து ஃபேனைத்தான் பாத்துட்டு இருக்கப் போறீங்க."

அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

அவரோடு வெளியே போவது லேசான காரியமில்லை. எந்தக் கல்லையும் சும்மா விடமாட்டார். பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பலகைக்கல் என்றால், அவர்களை எழுப்பிவிட்டு அடியில் பார்ப்பார். ஒருமுறை அத்திபெலேயில் ஒரு கல்யாணம். நாங்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம், இவரைக் காணோம். மண்டபத்தின் பின்பக்கம், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துவைக்கிற கல்லைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். பாம்பு புகுந்துவிட்டது என்று நினைத்துப் பெண்வீட்டார் நாலு பேர் தடியோடு வந்துவிட்டார்கள். கல்லின் அடியில் ஒன்றுமில்லை. "இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, அதுவும் விஷயம்தான்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவி வந்து, மூன்றாவது பந்தியில் நிதானமாகச் சாப்பிட்டார்.

பின்னால் கெரெயம்மா என்று பேர்வாங்கிய கல்லை முதன்முதலில் நாங்கள் பார்த்தது அப்படி ஒரு ஞாயிறன்றுதான். ஓசூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வற்றிய ஏரி. அதன் கரையில், முள் புதருக்குள், இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக்கல் நின்றிருந்தது. தமிழ் எழுத்து என்றார். எனக்கு ஒரே பெருமை. நான் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரன். கர்நாடகத்தில் வந்து நம் எழுத்து நிற்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிட்டே போய்க் குனிந்தேன். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

அவர் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. முதலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவுவார். மெத்தென்ற பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்தெடுப்பார். காய்ந்ததும் அரிசி மாவை எடுத்துக் கல் முழுக்கப் பூசி, மேலாகத் துடைத்துவிடுவார். எழுத்தின் பள்ளத்தில் மாவு தங்கி, வெள்ளை வெளேரென்று எழுத்து எழுந்து நிற்கும். பிறகு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பார். நடுவில் கண்ணை மூடி யோசிப்பார். மத்தியானத்துக்கு என்று கொண்டுவந்த வாழைப்பழத்தை எறும்பு ஏறாமலிருக்கக் கல்லின் தலையில் வைப்பது வழக்கம். இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

அன்றைக்கு அவர் படித்துச் சொன்னது இது: இந்த ஏரிக்கு ஒருவர் தூம்பு கட்டியிருக்கிறார். தூம்பு என்றால் ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகு. அதைப் பராமரிக்க நிலமும் கொடுத்திருக்கிறார். கல்லின் மேல் மூலை உடைந்து, அரசன் பெயர் போய்விட்டது. கடைசி வரிகள் மண்ணுக்குள் இருந்தன.

"ராஜா பேரு போனா போகட்டும்பா. அவங்களுக்கு ஊரெல்லாம் கல்லு இருக்கு. தூம்பு கட்டினவனுக்கு இது ஒண்ணுதான். அவன் பேரு கீழதான் இருக்கணும்."

"அப்போ தோண்டிப் பாத்துடலாமே மேடம்?"

நான் ஏதோ கொலைக்கு யோசனை சொன்ன மாதிரி பார்த்தார். அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். அந்த வாரமே அலுவலகம் அலுவலகமாக ஏறி, அனுமதிக்கு எழுதிக் கொடுத்தார். கரையை ஒட்டி லேஅவுட்டுக்கு ரோடு போட ஜேசிபி வந்துகொண்டிருந்தது, அதையும் சொல்லி, கல்லைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினார். அது தங்கள் இலாகா இல்லை என்று ஒவ்வொரு இலாகாவும் பதில் தந்தது. அவர் தூக்கம் போயிற்று. ஜேசிபியின் வாய்க்குள் அந்தக் கல் நொறுங்குவதாகக் கனவு வருகிறது என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

அடுத்த ஞாயிறு பதைப்போடு போனோம். புதரை யாரோ வெட்டியிருந்தார்கள். கல் மஞ்சள் பூசிக்கொண்டு, வெள்ளிக் கண்ணும் நெற்றியில் குங்குமமுமாக, வேப்பிலை செருகி, எலுமிச்சம்பழ மாலை போட்டுக்கொண்டு நின்றது. எதிரே விளக்கு எரிந்தது. கல்லின் தலையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. போன வாரம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் எங்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு அம்மா கல்லுக்கு அபிஷேகம் செய்தாள், மாக்காப்பு சாத்தினாள், பழம் வைத்தாள், கண்ணை மூடி மந்திரம் சொன்னாள். இதற்குமேல் என்ன வேண்டும்? புதருக்குள் கெரெயம்மா இருக்கிறாள் என்று அன்று மாலையே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கெரெ என்றால் கன்னடத்தில் ஏரி. ஜேசிபி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டு, ரோட்டை வளைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான். எந்த இலாகாவும் செய்யாததை அரைக் கிலோ அரிசி மாவு செய்துவிட்டது.

அவருக்கு நன்றியே இல்லை. கொதித்தார்.

"இது சாமி இல்லை. தூம்புக் கணக்கு. ஏரிக்குத் தூம்பு கட்டின கணக்கு" என்று கூடியிருந்தவர்களிடம் தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, அரைகுறைத் தெலுங்கில் ஒருமுறை சொன்னார். எல்லோரும் பக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "அம்மாவுக்கு அருள் வந்திருக்கு" என்றாள்.

பூசாரியும் தயாராகிவிட்டார். எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே இளநீர் வண்டி போட்டிருந்தவர். எனக்கே தினமும் வெட்டிக் கொடுத்திருக்கிறார். இப்போது நெற்றி நிறைய விபூதி. அவர் இவரைக் கோவிலை உண்டாக்கியவராகவே நடத்தினார்.

"நீங்க பூஜை ஆரம்பிச்ச ஜாகா அம்மா இது. நீங்க எது சொன்னாலும் சரி."

"அப்படியா? முதல்ல அந்த வெள்ளிக் கண்ணை எடுங்க. ரெண்டும் 'நிலம்'ங்கற வார்த்தை மேல ஒட்டியிருக்கு."

"கண்ணை எடுக்கறதா? அது ஒண்ணு மட்டும் முடியாதம்மா."

பேரம் வெகுநேரம் நடந்தது. கடைசியில் இப்படி முடிந்தது: கண்கள் இரண்டும் எழுத்தில்லாத இடத்துக்கு ஏறும். எனாமல் பெயின்ட் எக்காரணம் கொண்டும் அடிக்கக்கூடாது, மஞ்சள் மட்டும். அதற்குப் பதில் ஞாயிறுதோறும் அபிஷேகமும் மாக்காப்பும் இவர் கையாலேயே நடக்க வேண்டும். அதாவது வாரம் முழுக்க அவர்கள் எண்ணெயும் மஞ்சளும் பூசுவார்கள், ஞாயிறன்று இவர் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, மாவு பூசிக் கல்வெட்டு சேதமாகியிருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு தரப்புக்கும் திருப்தி. வீட்டில் ஒரு சாமி படம்கூட மாட்டாதவர், அந்த ஏரிக்கரையின் ஞாயிற்றுக்கிழமைப் பூசாரியானார்.

கூட்டம் பெருகியது. பி.ஜி. ஹாஸ்டல் பெண்கள் வேலை கன்ஃபர்ம் ஆக வேண்டிக்கொண்டார்கள். என் டீமிலேயே ஒருவன் விசாவுக்காக வந்து, என்னைக் கண்டு ஒளிந்தான். இவர் எழுத்தை முணுமுணுத்துச் சரிபார்க்கும்போது, பின்னால் நின்றவர்கள் கைகூப்பி அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்கள். "தூம்புக்குக் கிழக்கு நன்செய்" என்று இருபது முப்பது பேர் கண்ணீர் மல்கச் சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். திரும்பி அவர்களை முறைப்பார். அதையும் அருள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவர் மனம் அந்தக் கடைசி வரிகளிலேயே கிடந்தது. காரில் திரும்பும்போதெல்லாம் அதே பேச்சு. யாராக இருக்கும்? வியாபாரியா, விவசாயியா, பெண்ணாகக்கூட இருக்கலாம். ஆதாரமில்லாமல் யூகம் செய்கிறீர்களே என்று நான் சீண்டினால் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, மறுபடியும் ஏறிக்கொள்வார்.

அப்போதுதான் கோவில் கமிட்டி முடிவு செய்தது. திருவிழாவுக்குள் கல்லைச் சுற்றிக் கான்கிரீட் மேடை, மேலே கிரானைட். மேடை எழுந்துவிட்டால் அந்த வரிகள் போனதுதான். இனி யாரும் தோண்டப்போவதில்லை. அவர் பூசாரியிடம் கெஞ்சினார். நான் பார்த்து அவர் கெஞ்சியது அது ஒருமுறைதான்.

"எப்படியும் அஸ்திவாரம் எடுக்கறீங்க இல்ல? கல்லுக்கு முன்னாடி ரெண்டடி ஆழமா எடுங்க. தோண்டறது நீங்க. நான் சும்மா எட்டிப் பாக்கறேன், அஷ்டே, அவ்வளவுதான்."

"அம்மா காலடியைத் தோண்ட நான் யாரும்மா? அவளே உத்தரவு குடுக்கணும். பூ வெச்சுக் கேப்போம்."

இந்தப் பக்கத்தில் சாமியிடம் சம்மதம் கேட்பதற்கு அது ஒரு வழி. ஈரப் பூவைச் சாமியின் மேல் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று ஒட்டவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலது முதலில் விழுந்தால் சரி. இடது விழுந்தால் வேண்டாம்.

ஊரே கூடிவிட்டது. பூசாரி இரண்டு செவ்வந்தியை நனைத்து ஒட்டினார். எல்லோரும் கும்பிட்டபடி நின்றார்கள். இவரும் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. கல்லின் ஒவ்வொரு பள்ளமும் அவருக்கு மனப்பாடம். வலப்பக்கத்தில் எந்த இடத்தில் பூ நிற்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூசாரி அங்கேயே வைத்திருப்பார். சொல்லவில்லை. நான் காதோரம் குனிந்து, "சொல்லுங்களேன்" என்றேன். "வாயை மூடுங்கப்பா" என்றார்.

நேரம் போனது. பூ அசையவில்லை. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. நான் ஜேப்பிலிருந்த கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்லைப் பற்றியும் கவலையில்லை, தூம்பைப் பற்றியும் கவலையில்லை. இவருக்காக அந்தப் பூ விழ வேண்டும், அவ்வளவுதான். புது ரோட்டில் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று தடதடவென்று போனது. வலப்பக்கப் பூ விழுந்தது.

குலவைச் சத்தம் எழுந்தது. பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. அப்போது இவர் கையை உயர்த்தினார்.

"இது செல்லாது. லாரி போச்சு, அந்த அதிர்வுல விழுந்திருக்கு. திரும்ப வைங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கிடைத்ததைக் கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? முழங்கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

"லாரி இல்லாதப்ப விழுந்தாத்தான் ஒத்துக்கணும். இல்லைன்னா நாளைக்கு யாராவது கேள்வி கேப்பாங்க."

கேள்வி கேட்க அவரைத் தவிர அங்கே யாரும் இல்லை. பூசாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அந்த லாரியை அனுப்பினதே அவதானேம்மா" என்றார்.

அவர் கீழே கிடந்த பூவை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைக்கச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு காலை தோண்டினார்கள். மேடையின் மற்ற மூன்று பக்கமும் அன்று விடியற்காலையே கான்கிரீட் கொட்டி, கொத்தனார் கரண்டியால் மட்டம் பண்ணிக்கொண்டிருந்தார். கல்லுக்கு முன்னால் மட்டும் குழி. அவர் குழிக்குள் இறங்கி மண்டியிட்டார். தண்ணீர், பிரஷ், மாவு. மேலே கூட்டம் எட்டிப் பார்த்தபடி நின்றது. முதல் வரியைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் குனிந்து, "யாரு மேடம்?" என்றேன்.

"பேர் இல்லப்பா. 'இது செய்தேன்'னு இருக்கு. யாரு செஞ்சேன்னு மேலேயே சொல்லிட்டான் போல. ராஜா பேரோட சேந்து உடைஞ்சுபோச்சு. நான் இத்தனை நாளா தப்பான பக்கம் தேடியிருக்கேன்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. கை கொடுத்து மேலே தூக்கிவிட்டேன். முழங்காலெல்லாம் மண்.

பூசாரிக்கு இதெல்லாம் தெரியாது. "அம்மா என்ன சொல்லியிருக்கா?" என்று ஆவலாகக் கேட்டார். கூட்டம் முழுக்க அவர் வாயைப் பார்த்தது.

"எல்லாக் கல்லுலயும் கடைசியில போடறதுதான்" என்று சலிப்போடு ஆரம்பித்தார். "இந்தத் தர்மத்தை யாரு காப்பாத்தறாங்களோ, அவங்க பாதம் என் தலைமேல இருக்கட்டும்னு எழுதியிருக்கு." கன்னடத்திலும் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

பூசாரி யோசித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தார்.

அவர் அலறிப் பின்வாங்கினார். பின்னால் ஈரக் கான்கிரீட். வெறுங்கால் இரண்டும் கணுக்கால் வரை இறங்கின. நான் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். திரும்பிப் பார்த்தால், கல்லின் பக்கத்தில், விரல்கூடத் தெரியும்படி இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன.

கொத்தனார் முனகிக்கொண்டே கரண்டியை எடுத்தார். பூசாரி எழுந்து கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேடா, கை வைக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். கிரானைட் இந்த இடத்துல வேணாம்."

அதற்குள் ஒரு பெண் குங்குமச் சிமிழைத் திறந்துவிட்டாள். பூக்கூடை முன்னால் வந்தது. அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கொத்தனார் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார். மண்டியிட்டு, தன் காலடி இரண்டையும் தானே தேய்க்க ஆரம்பித்தார்.

"சும்னே இருங்க எல்லாரும். இன்னிக்கு விட்டா நாளைக்கு இதுக்கும் மஞ்சள் பூசுவீங்க. நூறு வருஷம் கழிச்சு எவளாவது ஒருத்தி ஞாயித்துக்கிழமை சோறு தண்ணி இல்லாம இங்க வந்து, இது யாரு காலுன்னு மண்டையை உடைச்சிக்குவா. பாவம் அவ."

கொத்தனாரைவிடச் சுத்தமாகத் தேய்த்தார். ஒரு விரல் தடம் மிச்சமிருந்தது, அதையும் குனிந்து பார்த்துத் தேய்த்தார். அவர் எழுந்தபோது, அங்கே ஒருவர் நின்றிருந்தார் என்பதற்கு ஒன்றுமே இல்லை. அவர் கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால் கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.